மலையக வைத்தியசாலைத் தாதியர் தம் கையையும் மணிக்கட்டையும் காத்துக்கொள்வது எப்படி

தாதியரின் உடல்நோவு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் முதுகைப் பற்றிப் பேசியே நிறுத்திக்கொள்கிறோம். நோயாளரைத் தூக்கியும் புரட்டியும் இடுப்புப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த துன்பம் என்பதால் அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. கையும் மணிக்கட்டும் படும் பாடு அப்படி வெளியே தெரிவதில்லை. விடியற்காலையில் விரல்கள் மரத்திருப்பது, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது பெருவிரலின் அடியில் சுரீரென்று இழுப்பது, ஊசிமருந்தை உறிஞ்சும்போது பிடி தளர்வது எல்லாவற்றையும் "குளிர்தானே", "வயதாகிறதுதானே" என்று தள்ளிவிட்டு அடுத்த கடமைக்குப் போய்விடுகிறோம். பல மாதங்கள் கழித்து, பெருவிரலின் அடியிலுள்ள தசை வற்றத் தொடங்கிய பிறகு வைத்தியரிடம் காட்டுபவர்கள் உண்டு. அந்த நிலையில் சத்திரசிகிச்சை செய்தாலும் இழந்த பலம் முழுவதும் திரும்பும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் பெரிய வைத்தியசாலைகளிலும், டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும், சிறிய பிரதேச வைத்தியசாலைகளிலும், தோட்ட மருந்தகங்களிலும் பணிபுரியும் தாதியருக்காக இது எழுதப்படுகிறது. அதே வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யும் சிற்றூழியருக்கும் மருத்துவ மாதுக்களுக்கும் இது பொருந்தும். மணிக்கட்டை மடியவிடாமல் நேராக வைத்து, பெருவிரல் தனியே சுமக்கும் வேலையை முழுக் கைக்கும், கை சுமக்கும் வேலையைத் தோளுக்கும் காலுக்கும் மாற்றிக்கொடுக்கப் பழகினால் இந்த நோவின் பெரும்பகுதி வராமலே தடுக்கலாம் என்பதும், வந்துவிட்டால் முதல் சில வாரங்களுக்குள் கவனிக்க வேண்டும் என்பதும் இங்கே சொல்லப்படுவதன் சாரம்.

நோவு எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

"கை வலிக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் சரியான பரிகாரம் கிடைக்காது. மற்றக் கையின் ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மரத்துப்போகும் விரல்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவை மரத்தோ கூசியோ இருந்து, சின்னவிரல் மட்டும் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் கார்பல் டனல் எனப்படும் மணிக்கட்டுச் சுரங்க நோய். மணிக்கட்டின் உட்புறத்தில், சிறு எலும்புகளின் வளைவுக்கும் அதன்மேல் இழுத்துக் கட்டியதுபோல் கிடக்கும் தடித்த இணைப்பு நாருக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதனூடாகவே உள்ளங்கைக்குச் செல்கின்றன. திரும்பத் திரும்ப இறுக்கிப் பிடிப்பதாலும் மணிக்கட்டை மடித்தபடி விசை கொடுப்பதாலும் தசைநாண்களின் உறை தடிக்கும்போது நெரிபடுவது அந்த நரம்பு. இந்நோயின் அடையாளமே இரவுதான்: தூக்கத்தில் மணிக்கட்டு மடிவதால் நடுச்சாமத்தில் கை மரத்து விழிப்பு வரும், எழுந்து கையை உதறினால் சிறிது குறையும். இரு கைகளின் புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டுகளை மடித்தபடி ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது அதே விரல்களில் கூச்சம் தொடங்கினால் ஐயம் வலுக்கிறது. கருவுற்றிருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், தைரொயிட் குறைவாகச் சுரப்பவர்கள், மூட்டுவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது எளிதாக வரும் என்பதால், வேலையை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டின் பக்கவாட்டில், எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில் வலி இருந்தால் அது டி குவெர்வெய்ன் நோயாக இருக்கலாம். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரே இதற்கு வழங்குகிறது. பெருவிரலை மடக்கி மற்ற நான்கு விரல்களுக்குள் வைத்து, முட்டியைச் சின்னவிரல் பக்கமாக மெதுவாகச் சரித்துப் பாருங்கள். அந்த இடத்தில் தாங்க முடியாமல் இழுத்தால் ஐயத்துக்கு இடமுண்டு. கைக்குழந்தையுள்ள தாய்மாருக்கு இது அதிகம்; குழந்தையை இரு கைகளாலும் அள்ளித் தூக்கும்போது பெருவிரல் விரிந்து மணிக்கட்டு சரிவதே காரணம். பிரசவ விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் தாதிக்கு வீட்டிலும் அதே அசைவு, வேலையிலும் அதே அசைவு என்றாகிவிடுகிறது.

மடக்கிய விரல் நிமிர மறுத்து, பிறகு "டக்" என்று விடுபட்டால் அது விரல் சிக்கும் நோய். சின்னவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கைக்குப் பின்னால் ஓடும் வேறொரு நரம்பு நெரிபடுகிறது. முழங்கையை மடித்துத் தலைக்குக் கீழ் வைத்து உறங்குபவர்களுக்கு இது வரும். ஐம்பதை நெருங்கியவர்களுக்குப் பெருவிரலின் அடிமூட்டே தேய்ந்திருக்கலாம். கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கி வந்தால், கோளாறு கழுத்தில் இருக்கக்கூடும். மணிக்கட்டுக்குப் பட்டி போட்டுப் பயனில்லை.

ஒரு கடமை நேரத்தில் உங்கள் கையைக் கவனியுங்கள்

எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன், ஒரு கடமை நேரம் முழுவதும் உங்கள் மணிக்கட்டு எப்போதெல்லாம் மடிகிறது, பெருவிரலும் சுட்டுவிரலும் எப்போதெல்லாம் கிள்ளிப் பிடிக்கின்றன என்று மட்டும் கவனித்து, முடிந்தபின் எழுதி வையுங்கள். மணிக்கட்டு நேராகவோ, புறங்கைப் பக்கமாகச் சற்று நிமிர்ந்தோ இருக்கும்போதுதான் பிடி மிகவும் பலமாக இருக்கும். உள்ளங்கைப் பக்கமாக மடிந்தால் அதே பிடிக்குத் தசைகள் இன்னும் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். நுனிவிரல்களால் கிள்ளிப் பிடிக்கும்போது பெருவிரல் நுனியில் கொடுக்கும் விசை அதன் அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களின் கையில் நாம் காணும் நோய்களும் இதே கிள்ளலிலிருந்து வருபவையே. கிளினிக்குக்கு வரும் தோட்டத் தொழிலாளி "கை மரக்கிறது" என்று சொன்னால், சத்து மாத்திரையோடு அனுப்பிவிடாமல் எந்த விரல்கள் என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும்.

ஊசிமருந்து தயாரிக்கும்போது

விடுதிகளில் கையை மிகவும் வதைக்கும் வேலை இதுவே என்பது என் கருத்து. தூளாக வரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் காலை வேளைக்கு மட்டும் பத்து, பதினைந்து வயல்கள் (இறப்பர் மூடியுள்ள சிறு மருந்துக் குப்பிகள்) கரைக்க வேண்டியிருக்கும் விடுதியில், ஒவ்வொன்றிலும் மூடியைப் பெயர்த்தல், நீரைத் தள்ளுதல், குலுக்குதல், உறிஞ்சுதல் என்று பெருவிரலுக்கு ஓய்வே இல்லை.

மூடியைப் பெருவிரல் நகத்தால் நெம்பாதீர்கள். மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் நெம்பலாம். வயலுக்குள் நீரைச் செலுத்தியதும் உள்ளே அழுத்தம் கூடுகிறது, மருந்தை உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் இழுக்கிறது. இவை இரண்டையும் எதிர்த்துத்தான் உங்கள் பெருவிரல் போராடுகிறது. நீரைச் செலுத்திய பின், செலுத்திய அளவு காற்றை அதே சிரிஞ்சுக்குள் திரும்ப வரவிட்டும், மருந்தை உறிஞ்சுவதற்கு முன் எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை உள்ளே விட்டும் அழுத்தத்தைச் சமப்படுத்தினால் தண்டு தானாகவே நகர்வதுபோல் இலகுவாகும். புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. அவற்றுக்கென்று வகுத்த நடைமுறையையே பின்பற்ற வேண்டும். கரைப்பதற்கும் உறிஞ்சுவதற்கும் 18 கேஜ் போன்ற அகன்ற துளையுள்ள ஊசியைப் பயன்படுத்தி, நோயாளருக்கு ஏற்றும்போது உரிய ஊசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சுவது கைக்குத் தண்டனை. தேவைக்கு மிகப் பெரிய சிரிஞ்சை எடுப்பதும் அப்படித்தான், ஏனெனில் அகன்ற தண்டை அதே அழுத்தத்தில் தள்ள அதிக விசை வேண்டும். ஆனால் மையச் சிரைக் குழாய்களுக்குச் சிறிய சிரிஞ்சின் உயர்ந்த அழுத்தம் ஆபத்தாகலாம் என்பதால், அங்கே விடுதியின் விதி எதுவோ அதுவே முதன்மையானது.

தண்டை இழுக்கும்போது சிரிஞ்சை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மணிக்கட்டை வளைக்காமல், முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்க, இடுப்பளவு உயரமுள்ள மேசைக்கு மேலே வைத்து வேலை செய்யுங்கள். டிரொலி தாழ்வாக இருந்தால் உயர்ந்த மேசைக்கு மாறுங்கள். நின்றபடி குனியும்போது மணிக்கட்டும் சேர்ந்தே மடிகிறது. தூளைக் கரைக்க வயலை மணிக்கட்டால் ஆட்டுவதைவிட இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவது நல்லது. பல மருந்துகளுக்கு அது நுரையையும் குறைக்கும். கழுத்தை உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பியான அம்பூலில் வண்ணப் புள்ளி இருந்தால், புள்ளி உங்களைப் பார்த்திருக்க, அதன் கழுத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். புள்ளியைக் கவனிக்காமல் உடைப்பதால் விசையும் வீண், விரலும் அறுபடும். பல அம்பூல்கள் இருந்தால் பஞ்சுத் துணி சுற்றியோ, அம்பூல் உடைக்கும் சிறு கருவியைக் கொண்டோ உடையுங்கள்.

பிரஷர் பார்ப்பதிலும் இதுபோன்ற ஒரு வழி உண்டு. இறப்பர்க் குமிழை எல்லோருக்கும் ஒரே உயரத்துக்கு, 200 வரை ஊதிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. முன்னங்கையின் நாடியைத் தொட்டபடி ஊதி, நாடி மறையும் அளவிலிருந்து 30 மில்லிமீற்றர் மட்டும் மேலே ஏற்றுவதே பாடநூல் முறை. அதைப் பின்பற்றினால் அளவும் சரியாக வரும், நோயாளரின் புயமும் வலிக்காது, முப்பது கட்டில்களுள்ள விடுதியில் உங்கள் கை குமிழைப் பிழியும் தடவைகளும் கணிசமாகக் குறையும். குமிழை நுனிவிரல்களால் கிள்ளாமல் உள்ளங்கை முழுவதாலும் அணைத்துப் பிழியுங்கள். ஒரு நோயாளருக்கு வலக்கை, அடுத்தவருக்கு இடக்கை என்று மாறி மாறிச் செய்யுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து தள்ளும்போது பெருவிரல் நுனிக்குப் பதிலாக ஒரு பேனாவின் மழுங்கிய பின்முனையால் தள்ளலாம். கட்டில் தலைச்சீட்டை (நோயாளரின் சிகிச்சைப் பதிவை) இடக்கையில் ஏந்திக்கொண்டு எழுதாதீர்கள்; எங்காவது வைத்து எழுதுங்கள். மெல்லிய பேனாவில் பிளாஸ்டர் சுற்றித் தடிப்பாக்கினால் பிடி தளர்ந்தாலும் எழுத்து வரும்.

கையுறை சிறியதாக இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் விரல்கள் இறப்பரை எதிர்த்து உழைக்கின்றன. பெரியதாக இருந்தால் பொருள் வழுக்குமென்று இறுக்கிப் பிடிக்கிறோம். விடுதிக்கு ஓர் அளவு மட்டுமே வருகிறதென்றால், அடுத்த தேவைப்பட்டியலில் மற்ற அளவுகளையும் கேட்டு எழுதும்படி பொறுப்புத் தாதியிடம் சொல்வது ஆடம்பரமாகாது.

நோயாளரைப் புரட்டும்போதும் தூக்கும்போதும்

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் 2007இல் வகுத்த கணக்கின்படி, நோயாளரைக் கையால் தூக்கும்போது ஒருவர் ஏற்கக்கூடிய எடை, சாதகமான நிலையிலும், 35 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ மட்டுமே. வளர்ந்த ஒருவரின் உடலை இருவர் சேர்ந்து தூக்கினாலும் இந்த அளவைக் கடந்துவிடும். ஆகவே தூக்குவதை விட்டு இழுப்பதற்கும் வழுக்கிச் செல்ல விடுவதற்கும் மாற வேண்டும்.

நோயாளருக்குக் கீழே குறுக்காகப் போட்ட விரிப்பின் ஓரத்தை உடலருகே வரும்வரை சுருட்டி, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடியுங்கள். உள்ளங்கை கீழ்நோக்கியிருந்தால் இழுக்கும் கணத்தில் மணிக்கட்டு மடியும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மற்றவரோடு சேர்ந்து எண்ணி, உடல் எடையை முன்காலிலிருந்து பின்காலுக்கு மாற்றுங்கள். கைகள் இங்கே கொக்கி மட்டுமே, இழுப்பது கால்கள். கட்டிலின் உயரத்தை மாற்ற முடியுமானால் மாற்றிவிட்டே தொடங்குங்கள், அதற்கான சுழற்றியைத் திருப்பும்போதும் மணிக்கட்டால் திருகாமல் தோளிலிருந்து சுற்றுங்கள்.

எழுந்து நிற்கும் நோயாளர் பயத்தில் தாதியின் மணிக்கட்டையோ பெருவிரலையோ பற்றிக்கொள்வது வழக்கம்; அவர் தடுமாறினால் முழு எடையும் அந்தச் சிறு மூட்டில் விழும். கையைக் கொடுக்காமல் முன்னங்கையைக் கொடுங்கள், அல்லது கட்டில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி நீங்கள் இடுப்பருகே நின்று அணைத்துக்கொள்ளுங்கள். மூத்த நோயாளரிடம் "பெரியம்மா, என் தோளைப் பிடியுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கும் பயம் தெளியும்.

துணி பிழிவது, மெத்தையின் ஓரத்தை உட்செருகுவது, ஒட்சிசன் சிலிண்டரின் திருகைத் திறப்பது போன்றவற்றுக்கும் இதே விதிதான்: விரல்நுனிக்குப் பதிலாக உள்ளங்கை, மணிக்கட்டுத் திருகலுக்குப் பதிலாக முழங்கையும் தோளும். சிலிண்டர்த் திறப்பானின் கைபிடி குட்டையாக இருந்தால் நீண்டதைக் கேட்டு வாங்குங்கள்.

குளிரும் பஸ் பயணமும் வீட்டு வேலையும்

கொழும்பில் பணிபுரியும் தாதிக்குக் கிடைக்கும் அறிவுரையை அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவந்தால் பாதி விடுபட்டுப்போகும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. இரவு ஏழு மணிக்குத் தொடங்கிக் காலை ஏழு மணிவரை நீளும் கடமையின் கடைசி மணித்தியாலங்களில், உடல் மிகவும் களைத்திருக்கும் அந்த வேளையில்தான், குளிரும் உச்சத்தில் இருக்கிறது. ஊசி, சேலைன், இரத்த மாதிரி என்று கைவேலையும் குவிகிறது. குளிர்ந்த விரல்களில் தொடுவுணர்வு மங்குவதால், பொருள் கையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய நம்மை அறியாமலே தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடிக்கிறோம். விடியற்காலை வேலையைத் தொடங்குமுன் கைகளை இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான நீர்ப் போத்தலைப் பிடித்தோ, அக்குளில் வைத்தோ சூடாக்கிக்கொள்ளுங்கள். முன்னங்கையை மூடும் கம்பளிச் சட்டையை நோயாளரைத் தொடும் வேலையில் அணியக் கூடாது. ஆனால் மார்பையும் முதுகையும் மூடும் கையில்லாத உட்சட்டை உடலைச் சூடாக வைத்திருந்தால் கைகளுக்கும் இரத்தம் நன்றாக ஓடும். கைகளில் அழுக்கோ இரத்தமோ தெரியாதபோது, உறையும் குழாய்நீரில் மீண்டும் மீண்டும் கழுவுவதற்குப் பதிலாக மதுசாரக் கைத்திரவத்தை 20 முதல் 30 விநாடிகள் தேய்ப்பதை உலக சுகாதார நிறுவனமே முன்னிறுத்துகிறது. குளிரில் விரல்கள் வெளிறி, நீலமாகி, பிறகு சிவந்து வலித்தால் அது வேறொரு நோயின் அடையாளமாக இருக்கலாம். வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பஸ் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வழியின் வளைவுகளில் ஒரு கையால் மேற்கம்பியைப் பற்றி நின்றபடி வருவது, கடமை முடித்த கைக்கு இன்னொரு கடமை. நிற்க நேர்ந்தால் கம்பியை விரல்களால் தொங்கிப் பிடிப்பதைவிட, இருக்கையின் முதுகுப்புறத்தில் இடுப்பைச் சாய்த்து, நிலைக்கம்பியை முழங்கையின் மடிப்பால் அணைத்து நிற்பது நல்லது. பையை விரலில் தொங்கவிடாமல் முதுகில் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் காத்திருப்பது ரொட்டிக்கு மா பிசைவது, தேங்காய் துருவுவது, குளிர்ந்த நீரில் துணி துவைப்பது. மழைக்காலத்தில் துணி காயாதென்று இன்னும் பலமாக முறுக்கிப் பிழிகிறோம். மணிக்கட்டுக்கு இதைவிடக் கொடியது வேறில்லை. துணியை மடித்துக் கல்லின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீரை வடிக்கலாம், கனத்த கம்பளித் துணியை நீர் சொட்டச் சொட்டவே தொங்கவிடலாம். மாவைச் சேர்த்ததும் பத்து, பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் அது தானாகவே மென்மையாகும். பிறகு மணிக்கட்டை நேராக வைத்து உடல் எடையால் அழுத்தினால் போதும். இவையெல்லாம் உதவும்தான், ஆனால் கை நோகும் காலத்தில் பிழிவதையும் துருவுவதையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்வதே உண்மையான மருந்து. கணவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பயிற்சி

நோவு இல்லாதவர்களும் இலேசாக உள்ளவர்களும் தசைநாண்களை வழுக்கி ஓடவைக்கும் எளிய பயிற்சியைச் செய்யலாம். விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு நுனி மூட்டுகளை மட்டும் மடக்கிக் கொக்கிபோல் ஆக்குங்கள். மீண்டும் நீட்டி முழு முட்டியாக மடக்குங்கள். மீண்டும் நீட்டி, விரல்கள் நேராக இருக்க அடிமூட்டில் மட்டும் மடக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள், ஐந்து சுற்று, நாளுக்கு மூன்று முறை என்று செய்தால் போதும். பயிற்சியால் மரப்புக் கூடினால் நிறுத்திவிடுங்கள்.

இறப்பர்ப் பந்தை அழுத்திப் பழகும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். வலியோ மரப்போ இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். அளவுக்கு மீறிப் பிடித்ததால் நொந்த கைக்கு மேலும் பிடிக்கும் பயிற்சி கொடுப்பது நோயைக் கூட்டும். பலப்படுத்தும் பயிற்சியை நோவு அடங்கிய பின் பிசியோதெரபி பிரிவினர் சொல்லும் அளவில் தொடங்கலாம்.

நோவு தொடங்கிவிட்டால்

மணிக்கட்டுச் சுரங்க நோய்க்கு முதல் சிகிச்சை இரவில் அணியும் மணிக்கட்டுத் தாங்கி. மருந்துக்கடைகளில் விற்பவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் உலோகத் தகடு புறங்கைப் பக்கமாக வளைந்திருக்கும். நரம்புக்கு அழுத்தம் குறைவாக இருப்பது மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் என்பதால், தகட்டை உருவி எடுத்து நேராக்கி மீண்டும் செருகிக்கொள்ளுங்கள். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும், பட்டி இறுகக் கூடாது. ஆறு வாரங்களாவது ஒவ்வோர் இரவும் அணியுங்கள். இரவுக் கடமைக்காரர் பகலில் உறங்கும்போது அணிய வேண்டும். டி குவெர்வெய்ன் நோய்க்குப் பெருவிரலையும் சேர்த்துத் தாங்கும் வகை தேவை. இழுபடும் பண்டேஜைச் சுற்றிக்கொள்வதால் மணிக்கட்டு மடிவது நிற்காது. இறுகினால் இரத்த ஓட்டமும் கெடும். நோயாளரைத் தொடும் வேலையில் தாங்கி அணிந்தால் கைச் சுத்தம் கெடும் என்பதால், பகலிலும் அது தேவைப்படும் அளவுக்கு வலி இருந்தால் அந்த வேலையிலிருந்தே சில நாட்கள் விலக வேண்டும் என்று பொருள்.

வெந்நீர் ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம், தைலம் ஆகியவை இதம் தரும். மெதுவாகப் பூசுவதில் தவறில்லை. பலமாக உருவுவதும், எலும்பை இழுத்துச் சொடுக்குவிப்பதும் நெரிபட்ட நரம்பை மேலும் காயப்படுத்தும். தைலம் பூசிய கையில் கையுறை மாட்டாதீர்கள்.

டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்றவை நமக்கு எளிதில் கிடைப்பதாலேயே ஆபத்தானவை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை யாருமே எடுக்கக் கூடாது. மாத்திரையால் வலியை மறைத்துக்கொண்டு அதே வேலையை அதே விதமாகத் தொடர்வது நோயை ஆழப்படுத்தும்.

விரல் மரப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, பகலிலும் விடாமல் இருந்தாலோ, பொத்தான் போட முடியாமல் பொருட்கள் கைநழுவினாலோ, பெருவிரலின் அடித்தசை மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிந்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கை சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். நரம்பின் மின்கடத்தலைப் பார்க்கும் பரிசோதனைக்காகக் கண்டி போன்ற பெரிய நகரத்துக்குச் செல்ல நேரலாம்; அதற்காக அலைவதைத் தவிர்க்க எண்ணி நாளைக் கடத்தாதீர்கள். ஸ்டீரொயிட் ஊசி டி குவெர்வெய்ன் நோயில் பலருக்கு நல்ல பலன் தருகிறது; மணிக்கட்டுச் சுரங்க நோயில் பெரும்பாலும் சில மாத நிவாரணம் தருகிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து மெலியலாம், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறுப்புத் தாதியிடம் சொல்வது

வாய்மொழியாக "சிஸ்டர், கை வலிக்கிறது" என்று சொன்னால், ஆள் பற்றாக்குறையுள்ள விடுதியில் அது அன்றோடு மறக்கப்படும். எந்தத் திகதியில் தொடங்கியது, எந்த விரல்கள், எந்த வேலையில் கூடுகிறது, வைத்தியர் என்ன சொன்னார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தெளிவான கோரிக்கையையும் வையுங்கள்: ஊசிமருந்து கரைக்கும் வேலையை ஒருவரே காலை முழுவதும் செய்யாமல் இருவர் பங்கிடுவது, சில வாரங்களுக்கு நோயாளரைப் புரட்டும் வேலைக்குப் பதிலாகப் பதிவேடு, கிளினிக் ஒழுங்கு போன்றவற்றைத் தருவது என்பன எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் விடுதிக்குள்ளேயே செய்யக்கூடியவை. பொறுப்பில் இருப்பவர்களும் இதைச் சோம்பலின் சாக்காகப் பார்க்காதிருக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கம் பெற்ற ஒரு தாதியின் கை செயலிழந்தால் அந்த இடத்தை நிரப்ப அடுத்த இடமாற்றப் பட்டியல் வரை காத்திருக்க நேரும் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

சத்திரசிகிச்சை வரை போனவர்கள் திரும்பி வரும் விதத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுச் சுரங்கத்தைத் திறந்துவிடும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் சிறிய ஒன்று. தையல் 10 முதல் 14 நாட்களில் பிரிக்கப்படும்; விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். காயம் முழுவதும் மூடி, கையை நன்றாகக் கழுவித் தேய்க்கக்கூடிய நிலை வரும்வரை நோயாளரைத் தொடும் வேலைக்குத் திரும்பக் கூடாது. இது உங்களுக்கும் நோயாளருக்கும் ஒருசேரப் பாதுகாப்பு. பலமாகப் பிடிப்பதையும் தூக்குவதையும் ஆறு வாரமளவில் வைத்தியரின் அனுமதியோடு தொடங்கலாம். உள்ளங்கையின் அடியில் ஊன்றும்போது வலிப்பது இன்னும் சில மாதங்கள் நீடிக்கக்கூடும். ஆகவே திரும்பிய முதல் மாதத்தில் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் அவசர வேலையில் முதல் ஆளாக நிற்க வேண்டியிராதபடி, இன்னொருவர் கூடவே இருக்கும் கடமைகளாகக் கேட்டுப் பெறுங்கள்.